கோவியின் இடப்பக்கம்

காலைப் பயிற்சி முடிந்ததும் ஹார்லன் ஃபால்ஸ் பனி ஹாக்கி அணியின் பையன்கள் பாலத்து மூலை உணவகத்தில் போய் விழுவார்கள். அங்கே ட்ரெவர் கோவலின் இடப்பக்கத்து நாற்காலிக்கு எப்போதும் அடிதடி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் தட்டிலிருக்கும் உருளைக்கிழங்கு வறுவலை ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். அவன் எதிரே இருப்பவனோடு பேசிக்கொண்டேயிருப்பான். குனிந்து பார்க்கும்போது தட்டு பாதி காலியாகியிருக்கும்.

"என்ன கோவி, இன்னிக்கு அகோரப் பசியா? பாதித் தட்டக் காணோம்!"

"திருட்டுப் பசங்களா, நீங்க எடுக்கறது தெரியாதாக்கும்? பாவம்னு விட்டு வச்சிருக்கேன்."

மேசையே அதிரும்படி சிரிப்பார்கள், அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் எப்போது எடுத்தார்கள் என்பது அவனுக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

கனடாவின் சஸ்காட்சுவானில் வெல்ட்டன் என்ற சிற்றூரில், தானிய லாரி ஓட்டும் வால்ட்டர் கோவலின் ஒரே மகன் அவன். அவனுக்குப் பதினெட்டு வயதானபோது பெரிய லீக் அணிகள் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் நாளில் ஒரு அணி மூன்றாம் சுற்றில் அவன் பெயரை வாசித்தது. அன்று ஊர் மண்டபத்தில் பெரோகிக் கொழுக்கட்டையும் பூண்டு சாஸேஜும் அண்டா அண்டாவாக வெந்தன. ஆறடி மூன்று அங்குலம், தற்காப்பு ஆட்டக்காரன், பின்னோக்கிச் சறுக்கும்போதும் மற்றவர்கள் முன்னோக்கிப் போகும் வேகம். "நாலு வருஷம். நாலே வருஷத்துல டிவியில பாத்துடலாம்" என்று வால்ட்டர் எல்லோருடைய தோளிலும் தட்டித் தட்டிச் சொன்னார்.

பெயரை வாசிப்பதோடு பெரிய லீக்கின் வேலை முடிந்துவிடாது. பையனைப் பழுக்க வைக்க இரண்டாம் லீக்கில் போடுவார்கள், அங்கேயும் பழுக்கவில்லையென்றால் மூன்றாம் லீக். எட்டு மணி நேரப் பேருந்து, மடித்த கால்களோடு தூக்கம், ஆறிய பாஸ்தா, மறுபடி பேருந்து. இதிலேயே சிலருக்கு முடி கொட்டிவிடும்.

முதல் வருடம் ட்ரெவர் நன்றாகத்தான் ஆடினான். அவனை இடது ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள், இடக்கைப் பக்கம் திடலைச் சுற்றிய பலகைச் சுவர் இருந்தது. இரண்டாம் வருடம் ஆள் பற்றாக்குறையால் வலது ஓரத்துக்கு மாற்றினார்கள். சரிவு அங்கே ஆரம்பித்தது. சுவர் வலப்பக்கம் போய்விட, திடல் முழுவதும் இடப்பக்கமாகிவிட்டது. எங்கிருந்தோ ஒருவன் வந்து ரப்பர் வட்டைத் தட்டிப் பறிப்பான், இல்லையென்றால் தோளில் இடித்துத் தூக்கி எறிவான். ஒவ்வொரு முறையும் ட்ரெவருக்குத் தூக்கிவாரிப்போடும். காலி இடத்திலிருந்து ஆள் முளைப்பது போல இருக்கும்.

இளம் ஆட்டக்காரர்களின் வளர்ச்சியைக் கவனிக்கப் பெரிய அணி வைத்திருந்த ஆள் மார்ட்டி ஹென்னிங். மூன்று வாரத்துக்கொரு முறை மடிக்கணினியோடு வருவார்.

"இங்க பாரு. இவன் எங்கேருந்து வந்தான்?"

"இடப்பக்கத்துலேருந்து."

"எனக்குத் தெரியுது. உனக்கு ஏன் தெரியல?"

"தெரியல, மார்ட்டி."

"தெரியலன்னு சொல்லாதே. பாக்கலன்னு சொல்லு."

ட்ரெவர் அதை நம்பினான். வாகன நிறுத்துமிடத்தில் நின்று தினமும் இருநூறு தடவை தலையை இடது தோளுக்குத் திருப்பித் திருப்பிப் பழகினான். கழுத்து பிடித்துக்கொண்டது. உடம்பில் பத்து கிலோ தசை ஏற்றினான். அவன் அடியின் வேகம் கூடியது, சறுக்கல் மெருகேறியது. மார்ட்டியின் அறிக்கைகளில் எல்லாமே ஏறிக்கொண்டிருந்தன, கடைசி வரி மட்டும் மாறவில்லை: ஆட்டத்தைப் படிக்கும் அறிவு போதாது. வெல்ட்டனிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அப்பாவின் செய்தி வரும். "தலையத் திருப்புடா." சில நாள் அதோடு இன்னும் சூடாக ஏதாவது இருக்கும்.

நான்காம் வருடம் டிவியில் வரவேண்டியவன் மூன்றாம் லீக்கில், ஹார்லன் ஃபால்ஸில் இருந்தான்.

அங்கே கோல்கீப்பர் லூக் தெஸ்ரோஷே, கியூபெக் மாநிலத்துக்காரன். அதிகம் பேசமாட்டான். எதிரி எங்கே அடிக்கப் போகிறான் என்பதை அவன் கண்ணை வைத்தே கண்டுபிடிப்பது லூக்கின் பிழைப்பு. ஜனவரியில் ஒரு நாள் இடப்பக்கத்து நாற்காலி அவனுக்குக் கிடைத்தது. அவன் வறுவலைத் தொடவில்லை. ட்ரெவர் யாருடனோ பேசிக்கொண்டிருக்க, அவனுடைய காதருகே விரலை நீட்டி ஆட்டினான். கண்ணில் குத்துவது போல் வேகமாகக் கொண்டுவந்தான். ட்ரெவர் இமைக்கவில்லை. மேசை சிரித்தது. லூக் கையை எடுத்துக்கொண்டு காபியைக் குடித்தான்.

மறுநாள் பயிற்சிக்கு முன்னால் காலித் திடலில் ட்ரெவரை நிறுத்தினான்.

"என் மூக்க மட்டும் பாரு. ரெண்டு பக்கமும் பின்னாடியிலேருந்து வட்டக் கொண்டு வருவேன். தெரிஞ்ச உடனே சொல்லு."

"என்னடா இது, சின்னப் பசங்க விளையாட்டு?"

"சொன்னதச் செய்."

வலப்பக்கம் வட்டு காதைத் தாண்டுவதற்குள் ட்ரெவர் "தெரியுது" என்றான். லூக் கை மாற்றினான். ட்ரெவர் மூக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

"சரி, சீக்கிரம் எடு."

"எடுத்தாச்சு, கோவி."

"எங்க?"

"உன் காது பக்கத்துல. ரொம்ப நேரமா."

ட்ரெவர் சிரிக்கப் பார்த்தான், லூக் சிரிக்கவில்லை. "வலது கண்ணக் கையால மூடு" என்றான்.

ட்ரெவர் மூடினான். லூக்கின் மூக்கும் மீசையும் தெரிந்தன. அவ்வளவுதான். தோளைக் காணவில்லை, கால்களைக் காணவில்லை. பின்னாலிருந்த ஆயிரம் நாற்காலிகளும், கூரையின் விளக்குகளும், திடலும் இல்லை. குழாய் வழியாகப் பார்ப்பது போல ஒரு மீசை மட்டும் நின்றது. கையை எடுத்தான், உலகம் திரும்பி வந்தது. மறுபடி மூடினான், போய்விட்டது. நான்கைந்து தடவை மூடித் திறந்தபின் மட்டை கையிலிருந்து நழுவிப் பனியில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கே அவன் உடம்பு தூக்கிப்போட்டது.

"இதுக்கு முன்னாடி ஒரு கண்ண மூடிப் பாத்ததே இல்லையா?" என்றான் லூக்.

"எதுக்குடா மூடணும்? ரெண்டும் தெரியுதே!"

அன்றே லூக் அவனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனான். டாக்டர் பெர்க், நரைத்த கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்ட பெண்மணி. ஒரு கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வலது கண்ணுக்கு விரல் ஓயாமல் அழுத்தியது. இடது கண் முறை வந்தபோது அமைதியாகவே இருந்தது. இயந்திரம் கெட்டுப்போய்விட்டதென்று ட்ரெவர் நினைத்தான்.

அச்சிட்டு வந்த தாளில் இடது கண்ணின் வட்டம் மொத்தமும் கறுப்பு. நடுவில் மட்டும் பட்டாணி அளவுக்கு வெள்ளை.

"இந்த வெள்ளையால எழுத்துப் பலகைய நல்லாவே படிச்சிடுவீங்க" என்றார் டாக்டர். "அதனாலதான் யாருக்கும் தெரியல. இந்தக் கண்ணுல எப்பவாவது பலமா அடி பட்டுச்சா?"

பட்டிருந்தது. பதினாறு வயதில் ஒரு மட்டையின் முனை. கண்ணுக்குள் ரத்தம் கட்டி நான்கு நாள் இருட்டறையில் படுத்திருந்தான். ஐந்தாம் நாள் தெளிந்துவிட்டது. எட்டாம் நாள் ஆடப் போய்விட்டான்.

அன்று கண்ணுக்குள் நீர் வடியும் வழி கிழிந்திருக்கிறது. வெளியேறாத நீரின் அழுத்தம் வருடா வருடம் ஏறி, வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து நரம்பைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. டாக்டர் இதைச் சொல்லி முடித்ததும் ட்ரெவர் கேட்டது ஒன்றுதான்.

"திரும்பி வருமா?"

"போனது வராது. இருக்கறதச் சொட்டு மருந்தால காப்பாத்தலாம். ஆனா இன்னொரு அடி பட்டா என்னால எந்த உறுதியும் தர முடியாது."

டாக்டர் பழைய மருத்துவக் கோப்புகளை வரவழைத்தார். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று வருடத்துக்கு முன், பெரிய அணியின் பயிற்சி முகாமில் எழுதப்பட்டது. இடது கண் அழுத்தம் அதிகம், ஒரு மாதத்துக்குள் மறுபரிசோதனை அவசியம், ஆட்டக்காரரிடம் தெரிவிக்கப்பட்டது. அதன் கீழே கையெழுத்து.

அவனுடைய கையெழுத்து.

அந்தக் காலைப்பொழுது அவனுக்கு நினைவிருந்தது. முகாமிலிருந்து கழித்துவிடப்பட்டவர்களின் பட்டியலை அப்போதுதான் கதவில் ஒட்டியிருந்தார்கள். யாரோ நீட்டிய தாள்களில் எல்லாம் பரபரவென்று கிறுக்கிவிட்டு ஓடினான். பட்டியலில் அவன் பெயர் இல்லை. அன்று முழுக்க அப்படியொரு சந்தோஷம். அப்பாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினான்.

"அப்பவே மருந்து போட்டிருந்தா?"

டாக்டர் பெர்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நிறைய மிஞ்சியிருக்கும்."

காரில் ஏறியதும் ட்ரெவர் லூக்கிடம் சொன்னான்: "யார்கிட்டயும் சொல்லாதே. ஞாயித்துக்கிழமை ஆட்டம் ஒண்ணு மட்டும் ஆடிடறேன்."

"பைத்தியமா உனக்கு?"

"ஒண்ணே ஒண்ணுடா."

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். மார்ட்டி ஹென்னிங்கும் வந்து மேல்தட்டில் உட்கார்ந்திருந்தார். ட்ரெவர் ஆறு வருடம் அந்தக் கண்ணோடுதான் ஆடியிருந்தான், அன்று மட்டும் ஆட முடியவில்லை. அதுவரை இல்லாத இருட்டு ஒன்று இடது தோளோடு ஒட்டிக்கொண்டு கூடவே சறுக்கி வந்தது. அதற்குள் ஆள் இருக்கிறானோ என்று திரும்பினான், இன்னும் திரும்பினான். இரண்டாம் பகுதியில் முழுக்க இடப்பக்கமே திரும்பி நின்றுவிட்டான். வலப்பக்கமாக, அவனுடைய நல்ல கண்ணின் பக்கமாக, ஒருவன் வட்டைத் தள்ளிக்கொண்டு சாவகாசமாகப் போய் கோல் அடித்தான்.

கூட்டம் ஊளையிட்டது. "கோவல்! தூங்கறியா?" என்று பயிற்சியாளர் பெஞ்சிலிருந்து கத்தினார். லூக் முகமூடிக்குள்ளிருந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்ரெவர் பெஞ்சுக்குப் போனான், உட்காரவில்லை. அதைத் தாண்டி உடைமாற்றும் அறைக்கு நடந்தான். மூச்சிரைக்க மார்ட்டி பின்னாலேயே வந்தார்.

"என்ன கோவி இது? ஆட்டத்துக்கு நடுவுல எழுந்து வர்ற? கொஞ்சமாவது..."

ட்ரெவர் பைக்குள்ளிருந்து அந்தக் கறுப்பு வட்டத் தாளை எடுத்துக் கொடுத்தான். மார்ட்டி அதைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு சரியாகப் பிடித்தார். "என்ன இது?"

"என் இடது கண்ணு. கறுப்பா இருக்கற எடமெல்லாம் தெரியாது."

"எப்பலேருந்து?"

"ஆறு வருஷமா, கொஞ்சம் கொஞ்சமா."

மார்ட்டி துணிப்பெட்டி மீது தொப்பென்று உட்கார்ந்தார். வெளியே கூட்டத்தின் இரைச்சல் சுவரைத் தாண்டிக் கேட்டது. தாளைக் கண்ணருகே கொண்டுபோனார், விலக்கிப் பிடித்தார்.

"பதினோரு அறிக்கைடா. பதினொண்ணுலயும் நீ பாக்க மாட்டேங்கறேன்னு எழுதினேன். ஏன் பாக்கலன்னு ஒரு தடவகூட..." மடிக்கணினியைப் பைக்குள் வைத்து மூடப் பார்த்தார். ஜிப் துணியில் சிக்கிக்கொண்டது. ட்ரெவர் குனிந்து மூடிக் கொடுத்தான்.

"நானும் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன், மார்ட்டி" என்றான்.

அதன்பின் அப்பாவைக் கூப்பிட்டான். வால்ட்டர் லாரியில் இருந்தார். மகன் சொல்லச் சொல்ல மறுமுனையில் எஞ்சின் உறுமிக்கொண்டேயிருந்தது. பிறகு நின்றது.

"அப்பா? இருக்கீங்களா?"

"நான் அனுப்பினதெல்லாம் போன்ல வச்சிருக்கியா?"

"இருக்குப்பா."

"அழிச்சுடு."

"பரவால்லப்பா, நீங்க தெரிஞ்சா..."

"அழிச்சுடுடா!" என்று கத்தினார். அடுத்த நொடி அவர் குரல் உடைந்து, வெறும் மூச்சு மட்டும் கேட்டது. அப்பா அழுது ட்ரெவர் அதுவரை கேட்டதில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் தோன்றாமல், ஸ்கேட் காலணியைக் கழற்றாமல், அப்படியே நின்றான்.

பெரிய அணியின் மருத்துவர்கள் மூன்று நாள் பார்த்தார்கள். டாக்டர் பெர்க் சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிந்தது. இருபத்திரண்டு வயதில் ட்ரெவர் கோவல் ஆட்டத்தை விட்டான். பெரிய லீக்கில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. அடுத்த முகாமில் மார்ட்டி ஒவ்வொரு பையனையும் வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடச் சொல்லி, பின்னாலிருந்து விரலைக் கொண்டுவந்து பார்த்தாராம். பையன்கள் கேலி செய்தார்களாம், அவர் விடவில்லையாம். இதைப் போனில் சொன்னது லூக்.

வெல்ட்டனில் தானியக் கிடங்கில் ட்ரெவருக்கு வேலை கிடைத்தது. வந்திறங்கும் ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கை கோதுமையை எடுத்து ஈரம் பார்த்துத் தரம் சொல்ல வேண்டும். முதல் சில மாதம் யாராவது இடப்பக்கம் வந்து நின்றாலே திடுக்கிட்டு மாதிரித் தட்டைக் கொட்டிவிடுவான். ஊர்ப் பையன்கள் பனித்திடலுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன் தவறாமல் இடது கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொள்வான். செப்டம்பரில் டாக்டர் அழுத்தத்தை அளந்து, ஏறவில்லை, மிஞ்சிய பார்வை அப்படியே நிற்கிறது என்றார்.

அந்த மாதத்தில்தான் அவன் அக்கா ஜோடி, சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தவள், முள்கரண்டியை வைத்துவிட்டு அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள்.

"டேய், உன் இடது கண்ணுக்கு மட்டும் மை ஏதும் போடறியா?"

"என்ன உளர்ற?"

"இமை முடியப் பாரு! பொம்பளப் புள்ளைக்குக்கூட இவ்வளவு நீளம் இருக்காது. நான் காசு குடுத்து ஒட்டிக்கறேன்டா அதெல்லாம்!"

அந்தச் சொட்டு மருந்துக்கு அப்படியொரு குணம் உண்டு. போடும் கண்ணில் இமைமுடி கருகருவென்று நீண்டு வளரும். டாக்டர் சொல்லியிருந்தார், அவன் மறந்துவிட்டான். வால்ட்டரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசைமேல் சாய்ந்து பார்த்தார். அவர் உதடு துடித்தது. அழப் போகிறார் என்று ட்ரெவர் பயந்தான். அவர் சிரித்துவிட்டார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார்.

ட்ரெவர் எழுந்து குளியலறைக் கண்ணாடியில் போய்ப் பார்த்தான். உண்மைதான். பதினாறு வயதிலிருந்து அவனை ஏமாற்றிய கண் இமைகளைப் படபடவென்று அடித்துக்கொண்டு அவனையே பார்த்தது.

"இன்னும் என்னடா பாக்கற? வா, ஆறுது!" என்று அக்கா கூப்பிட்டாள்.

"வர்றேன்" என்றான். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனான்.