பிளாஸ்டிக் லாரிக்கு ஏற்ற ஜல்லி

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா அரசாங்க என்ஜினீயரிடமிருந்து சின்னச் சின்ன ரோடு வேலைகளை எடுத்துச் செய்பவர். அம்மாவின் தம்பி கப்பலில் வேலை பார்த்தார். ஒரு முறை சிங்கப்பூரிலிருந்து வந்தபோது அந்த மாமா எனக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தார். உள்ளே ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் செங்கற்கள். மேலட்டைப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு டிப்பர் லாரியும், வாளியால் மண் அள்ளும் வண்டியும் கட்டி முடித்தேன்.

ஆனால் எதை அள்ளுவது? வாசல் மணலைக் கொட்டினேன். அது அச்சில் புகுந்துகொண்டு சக்கரம் கரகரவென்று நின்றுபோனது. அரிசியைக் கொட்டியதற்கு முதுகில் ஒன்று விழுந்தது. "துன்ற பொருள கீய கொட்டியா வெளாடுவ?" என்றாள் அம்மா. கடுகு வாளியில் ஏறுவதற்குள் நாலாபக்கமும் ஓடியது. உமி லாரியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டது.

ஒரு சாயங்காலம் அப்பா என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். வேலை விட்டு வந்தால் சாப்பிட்டுப் படுத்துவிடும் மனிதர் அவர். எனக்குக் கூச்சமாகக்கூட இருந்தது.

"இன்னா கண்ணு, லாரி நின்னுகினு கீது?"

"லோடு சரியில்லப்பா."

சக்கரத்தைக் காதருகே வைத்துச் சுற்றிப் பார்த்தார். "மண்ணுல தூசி கீது. நமக்கு ஜல்லி மாரி வேணும். அச்சுல பூரக்கூடாது, வாளிலயும் நிக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை பஸ்ஸில் மகாபலிபுரம் அழைத்துப்போனார். கையில் அம்மாவின் ரவைச் சல்லடை. சிற்பப் பட்டறைகளில் உளிபட்டுத் தெறித்த சில்லுகள் குவிந்து கிடந்தன. எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு, "குப்பதான பாப்பா, அள்ளிகினு போ," என்றார் ஒரு சிற்பி. பெரிய சில்லுகளைக் கையால் பொறுக்கி எறிந்தோம். பொடியைச் சலித்துக் கொட்டினோம். சல்லடையில் தங்கியதைக் கிணற்று நீரில் அலசி, அப்பாவின் துண்டில் பரப்பிக் காயவைத்தோம். ஒவ்வொரு பிடியையும் என்னிடம் நீட்டி, "நீதான் மேஸ்திரி. இது ஓகேவா?" என்று கேட்டார். திரும்பும்போது பஸ்ஸில் அவர் தோளில் சாய்ந்தே தூங்கினேன்.

அன்று மாலையே ஓட்டிப் பார்த்தோம். வாளி ஒரே முட்டில் அள்ளியது. லாரியைக் கவிழ்த்ததும் கல் சளசளவென்று சரிந்தது. சக்கரம் நிற்கவே இல்லை. வாளியை எப்படித் தூக்குவது, சக்கரம் கழன்றால் எப்படி மாட்டுவது என்றெல்லாம் அப்பா கேட்டார். பெருமையோடு சொல்லிக்கொடுத்தேன்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வண்டிகளை வைத்திருந்த அலமாரி காலியாக இருந்தது. அப்பா எடுத்துப்போனதாக அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இருட்டுவதற்கு முன் சிரித்துக்கொண்டே அப்பா வந்தார். "என்ஜினீயர் சார் வூட்டுப் பையனுக்கு ஒரே குஷி," என்றார் அம்மாவிடம். "நெசமா மண்ணு அள்ற வண்டிதான் வேணும்னு அடம் புடிச்சிகினு இருந்தானாம். படாளம் ரோடு வேலை இனிமே நமக்குத்தான்."

நான் கேட்டேன்: "கல்லு?"

"அதயும்தான் குட்த்தேன். அது இல்லாம வண்டி எத்த அள்ளும்?"

"அதுக்குத்தான் எங்கூட வந்து உக்காந்தியாப்பா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "வூடு நடக்கணும் இல்ல கண்ணு," என்றார்.

ரோடு வேலை கிடைத்தது. எனக்குக் கண் மூடித் திறக்கும் பொம்மை ஒன்று வந்தது. அதை நான் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவில்லை. ஆனாலும் வண்டிகள் போனதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுத்துக்கொண்டேன். எங்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியாததல்ல.

மறு வருஷம் மாமா வந்தார். வந்ததும், "இன்னா பாப்பா, வண்டி எல்லாம் ஓடுதா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"எங்க ஓடுது? ஒவ்வொண்ணா தொலச்சிட்டா. பொம்பளப் புள்ளைக்கு அதோட அருமை இன்னா தெரியும்?"

அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. மாமா, "பரவால்ல வுடு," என்று என் தலையைத் தடவிவிட்டுப் பேச்சை மாற்றினார். அதற்குப் பிறகு அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். எனக்கென்று விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்கி வந்ததில்லை.