மகன் கைக்கு வராத ஸ்லாவா

ஸ்லாவோல்யுப் என்ற பெயருக்குப் புகழை விரும்புகிறவன் என்று பொருள். பெயர் வைத்தவர் அப்பா தோப்ரிவோயெ. அதே அப்பாதான், மகனுக்கு ஐம்பது வயது தாண்டிய பிறகும் வீட்டின் ஸ்லாவாவை அவனிடம் ஒப்படைக்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஸ்லாவா என்றால் புகழ். எங்கள் செர்பிய ஊர்களில் குலத்துப் புனிதரின் திருநாளுக்கும் அதுதான் பெயர். அவர்கள் குலத்துக்குப் புனித நிக்கோலா; டிசம்பர் பனியில் வருகிற நாள். மகன் தனிக்குடித்தனம் போனதும், அப்பா திருநாள் ரொட்டியில் பாதியைப் பிட்டு அவன் கையில் கொடுத்து, இனி உன் வீட்டிலும் கொண்டாடு என்று வாயால் சொல்ல வேண்டும். அதுவரை மகன் அப்பா வீட்டு விருந்தில் தட்டு தூக்குகிறவன்தான்.

ஸ்லாவோல்யுபை எல்லாரும் ஸ்லாவோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வீடு அப்பா வீட்டுக்கு எதிரே, சாலையின் மேட்டுப் பக்கம். கல்யாணமான வருஷம் கேட்டான். முதலில் கூரை போடு என்றார். போட்டான். மறுபடி கேட்டபோது, அம்மா செத்த வருஷத்தில் என்ன பேச்சு என்று வாயை அடைத்தார். அதற்கப்புறம் கேட்டபோதெல்லாம், உனக்கு மெழுகுவத்தியை நேராக நிறுத்தவே தெரியாது என்று சிரித்தார். ராஸ்பெர்ரிக் குளிர்கிடங்கில் ஸ்லாவோ இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே சக ஆட்கள் அவனுக்கு வைத்த பெயர் 'ஸ்லாவா இல்லாத ஸ்லாவோ'. அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து கதவை ஓங்கிச் சாத்துவான்.

போன வருஷம் பொறுமை விட்டுப்போயிற்று. அப்பாவிடம் போய், இந்த முறை என் வீட்டில்தான் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் திரும்பினான். மனைவி ரூஷித்சாவுக்குப் பயம்.

"ஸ்லாவோ, நம்ம ஊர்ல ஸ்லாவாவுக்கு யாரும் கூப்பிட மாட்டாங்க. எங்கன்னு தெரிஞ்சவங்க தானா வருவாங்க. நம்ம வீட்டுலன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியும். மேட்டுல வெளக்கு எரியுதுல்ல, பாத்துட்டு வருவாங்க."

திருநாளன்று கெண்டை மீனை வறுத்தார்கள். நோன்புக் காலம், இறைச்சி கிடையாது. அவரையை அடுப்பில் சுட்டு, கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் வாதுமையும் கலந்து வைத்தார்கள். புனிதரின் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி நேராகவே நின்றது. பாதிரியாரைக் கூப்பிட ஸ்லாவோவுக்கு வாய் வரவில்லை. ரொட்டியைத் தானே குறுக்காக வெட்டி, மதுவை ஊற்றி, மனைவியோடு பிட்டான். பிறகு ஜன்னலோரம் போய் நின்றான்.

ஒவ்வொரு காராக வந்தது. எல்லாம் கீழே, அப்பா வீட்டு முற்றத்தில் நின்றன. கிடங்கு ஆட்கள் வந்தார்கள். ரூஷித்சாவின் கூடப்பிறந்த தம்பியே காரை விட்டு இறங்கி, மேட்டைப் பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான். அவள் மீன் தட்டை மறுபடி அடுப்புக்குப் பக்கத்தில் நகர்த்தினாள்.

கதவு தட்டப்பட்டபோது இரண்டு பேரும் ஓடினார்கள். நின்றவன் ஸ்லோவாக்கிய லாரிக்காரன், ஓந்த்ரெய். கிடங்கிலிருந்து சரக்கு ஏற்றிப்போகிறவன். மேட்டில் சக்கரம் பனிக்குள் மாட்டிக்கொண்டது, மண்வெட்டி கேட்டு வந்திருந்தான். அவன் பேச்சும் எங்கள் பேச்சும் பாதிக்குப் பாதி ஒத்துப்போகும்.

"மண்வெட்டி அப்புறம். இன்னைக்கு எங்க வீட்டுல ஸ்லாவா. உள்ள வாங்க."

அவன் மேசையைப் பார்த்தான், காலி நாற்காலிகளைப் பார்த்தான்.

"ஸ்லாவாவா? எங்க ஊர்ல ஆட்டத்துல கோல் போட்டாத்தான் ஸ்லாவான்னு கத்துவோம். நீங்க என்ன ஜெயிச்சீங்க?"

ஸ்லாவோவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னும் ஒண்ணும் ஜெயிக்கல. உக்காருங்க."

லாரிக்காரன் நல்ல பசியோடு சாப்பிட்டான். ஸ்லாவோ உட்காராமல் பக்கத்தில் நின்றே பரிமாறினான். நீங்களும் உட்காருங்கள் என்று லாரிக்காரன் சங்கடப்பட்டபோது, திருநாளில் வீட்டுக்காரன் உட்காரக் கூடாது என்றான் ஸ்லாவோ.

"யாரு சொன்னது?"

"எங்கப்பா" என்றான் ஸ்லாவோ. சொன்ன பிறகு அவனுக்கே ஆத்திரமாக வந்தது. இருவரும் போய்ப் பனியை வெட்டி லாரியைக் கிளப்பினார்கள். விருந்து அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அப்பா வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனான். கிழவர் அடுப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேசையில் கழுவாத கண்ணாடித் தம்ளர்கள்.

"ஊரே உங்க வீட்டுக்கு வந்துச்சு. எனக்கு யாரோ லாரிக்காரன். இப்ப சந்தோஷமாப்பா? செத்த பிறகுதான் குடுப்பீங்களா?"

"ரொட்டியக் குடுத்துட்டா அப்புறம் இந்தக் கதவ எவன்டா தட்டுவான்?"

"நான் தெனமும் வர்றேனே."

"நீ வெறகு வெட்ட வர்ற."

 ஸ்லாவோவிடம் பதில் நிறைய இருந்தது. சும்மாவா வெட்டுகிறேன், யாருக்காக வெட்டுகிறேன், முப்பது வருஷமாக என்னை என்ன என்று நினைத்தீர்கள் என்று நெஞ்சு வரைக்கும் வந்தது. ஆனால் கிழவர் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க முயன்று, முடியாமல் கீழே வைத்தார். ஸ்லாவோ அவற்றை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தான். போகும்போது விறகையும் வெட்டிப் போட்டான். வெட்டிய வெட்டில் கட்டைகள் வேலிவரை தெறித்தன.

அதற்கப்புறம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரூஷித்சா மட்டும் தம்பியோடு ஈஸ்டர் வரை பேசாமலிருந்தாள்.

இந்த இலையுதிர் காலத்தில் தோப்ரிவோயெ தச்சனிடம் புதிதாக ஒரு நீள மேசைக்குச் சொல்லியிருந்தார். பழையது கூட்டத்துக்குப் போதவில்லையாம். பனி விழ ஆரம்பித்த பிறகுதான் அது வந்து சேர்ந்தது; இறக்கி வீட்டுக்குள் கொண்டுபோக ஸ்லாவோதான் வர வேண்டியிருந்தது. வாசலில் இடித்தது. சாய்த்தான், திருப்பினான், நுழையவில்லை. கிழவர் உள்ளேயிருந்து, அப்படி இல்லை, இப்படி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் ஸ்லாவோ மேசையைப் பனியிலேயே கவிழ்த்துப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அதன் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.