மூன்றாவது கியரில் இறங்கச் சொன்னவன்

பிரேக் போன வண்டி பட்டறைக்கு வராது. ஏற்காட்டில் எனக்குச் சோறு போட்டது இந்த ஒரு விஷயம்தான். வேறு கோளாறு என்றால் எப்படியாவது உருட்டிப் புரட்டிச் சேலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பிரேக் இல்லாத வண்டியை அத்தனை கொண்டை ஊசி வளைவுகளில் யார் இறக்குவது? அதனால் நானே எஸ்டேட் எஸ்டேட்டாகப் போவேன். மோட்டார் சைக்கிளின் ஒரு பக்கம் சாமான் பெட்டி, மறுபக்கம் பிரேக் ஆயில் டின், மடியில் கட்டாத குறையாகப் புது லைனிங். எண்பதுகளின் நடுவில் அந்த மலையில் ஓடிய ஜீப்புகளிலும் பிக்கப் வண்டிகளிலும் என் கை படாதது கொஞ்சம்தான். அதனால் எனக்குத் தலைக்கனமும் உண்டு. கை சுத்தம், வாய்தான் நீளம் என்று என் மனைவியே சொல்வாள். அதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன்.

கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஒரு பழைய பிக்கப் இருந்தது. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் மூட்டை ஏற்றும் திறந்த தொட்டி. அதன் டிரைவர் என்னைவிட மூத்தவர், மெலிந்த மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர் அப்பா காலத்தில் தருமபுரிப் பக்கமிருந்து காபித் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். அந்தப் பிக்கப்பில் பிரேக் என்பது பெயருக்குத்தான் இருந்தது. பெடலை நாலைந்து தடவை மிதித்தால் ஏதோ மனமிரங்கிப் பிடிக்கும். மனிதர் அதை நம்பவே மாட்டார். மலை உச்சியில் இரண்டாவது கியரைப் போட்டாரென்றால் அடிவாரம் வரும்வரை மாற்ற மாட்டார். எஞ்சின் ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தும். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே ஓய்ந்து போவார்கள். மூட்டை ஏற்றும் ஆள் ஒருவர் பின்தொட்டியில் ஒரு மரக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்டி நின்றதும் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டியது அவர் வேலை. இந்த ஊர்வலத்தைக் கேலி செய்யாதவர் மலையில் கிடையாது. டீக்கடையில் அவருக்கு 'ரெண்டாம் நம்பர்' என்றே பெயர். அவர் சிரித்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுப் போவார்.

பிரேக்கைச் சரி செய்யச் சொல்லி அவர் பல தடவை கேட்டும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு முதலாளியின் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப் போகிறாள், அந்த வண்டியில்தான் ஏறி இறங்க வேண்டும் என்றதும், உடனே எனக்கு ஆள் வந்தது.

காபிக் கொட்டை காயப்போடும் களத்தின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி நாலு சக்கரத்தையும் கழற்றினேன். உள்ளே இருந்த கோலத்தைப் பார்த்து எனக்கு வாய் நிற்கவில்லை. இதை வைத்துக்கொண்டு எப்படி உயிரோடு இருக்கிறீர்கள் என்று கேட்டேன். லைனிங், சிலிண்டர், ரப்பர் எல்லாம் புதிது போட்டேன். கடைசியில் குழாய்க்குள் மாட்டிய காற்றை எடுக்க வேண்டும். அவரை ஏற்றி உட்காரவைத்து, நான் சக்கரத்துக்கடியில் படுத்துக்கொண்டு, மிதிங்க, பிடிங்க, விடுங்க என்று குரல் கொடுத்தேன். சொன்னதைச் சொன்னபடி செய்தார். ஒரு தடவைகூட முந்தவுமில்லை, பிந்தவுமில்லை. இந்த வேலைக்கு அவரைப் போல ஒரு கால் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

எஸ்டேட் சரிவில் ஓட்டிப் பார்த்தோம். பெடலில் கால் வைத்ததும் வண்டி பட்டென்று நின்றது. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூட்டை ஆளின் கையிலிருந்த கட்டையை வாங்கி, இதைக் கொண்டுபோய் அடுப்பில் வையுங்கள் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

"ஏனுங்கண்ணா, இன்னும் எத்தன நாளைக்கு எரும மாதிரி ரெண்டுலயே எறங்குவீங்க? இனிமே மூணுல வாங்க. கால வெச்சா நிக்கும், நாஞ் சொல்றேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சரிங்க தம்பி என்றார்.

பாரம் ஏற்றிய வண்டியை நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறக்கினால் பிரேக் சூடேறும். சூடு மிஞ்சினால் எவ்வளவு நல்ல பிரேக்கும் பிடிக்காது. அதனால்தான் சின்ன கியரில் போட்டு எஞ்சினையே வண்டியைத் தாங்கவைக்க வேண்டும். இது என் தொழிலில் அரிச்சுவடி. பிரேக் இல்லாத கொடுமையால் அந்த மனிதர் வருஷக்கணக்கில் செய்துவந்தது அந்தச் சரியான காரியத்தைத்தான். ஆனால் ஏன் சரி என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. நான் போட்ட பிரேக்குக்கும் ஓர் எல்லை உண்டு என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அதன் பிறகு சில வாரங்கள் அவர் ஆளே மாறிப்போனார். பஸ்களுக்கு ஈடாக இறங்கினார். ஒரு நாள் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி, ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்தார். இப்போதெல்லாம் வெளிச்சம் இருக்கும்போதே ஊட்டுக்குப் போய்விடுவதாகவும், மகள் முழித்திருப்பதாகவும், மனைவி நொம்பச் சந்தோஷப்படுவதாகவும் சொன்னார். நான் பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டிவிட்டு, அங்கேயே ஒரு பழத்தை உரித்துத் தின்றேன்.

மிளகு மூட்டைகள் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போன ஒரு நாள் அது நடந்தது. மூட்டைகளுக்கு மேலே கல்யாணத் துணி எடுக்கப் புறப்பட்ட எஸ்டேட் பெண்கள் சிலர். பாதி மலை இறங்கியதும் ஏதோ தீய்கிற வாசனை வந்ததாம். அடுத்த வளைவில் மிதித்தால் பிரேக் இல்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. வண்டியைப் பாறையோடு உரசவிட்டு நிறுத்தியிருக்கிறார், அதுவும் தன் பக்கமாக. பெண்களுக்குச் சிராய்ப்பு, ஒருத்திக்குக் கை எலும்பு முறிவு. அவருடைய வலது முழங்கால் நசுங்கிப் போயிற்று.

பஸ் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வளைவுக்கு இறங்கினேன். நான் போவதற்குள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். முதலாளி வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், சுற்றிலும் கூட்டம். நேராக ஏறிப் பெடலை மிதித்தேன். கல் மாதிரி கெட்டியாக நின்றது. ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. என் வேலையில் குறையில்லை என்று தெரிந்த அந்த நிமிஷம் எனக்கு உயிர் திரும்பி வந்தது. அந்த வேகத்தில், எல்லார் காதிலும் விழும்படி, பிரேக் நல்லாத்தான் இருக்குதுங்க என்று சொல்லிவிட்டேன்.

அது பொய்யில்லை. சூடு ஆறினால் பிரேக் திரும்பி வந்துவிடும். ஆனால் கூட்டத்துக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று மலையேறித் திரும்பும்போதுதான் உறைத்தது. பிரேக் நல்லாயிருந்தது என்றால் டிரைவர் சரியில்லை என்று அர்த்தம். அவர் தூங்கிவிட்டார் என்று அன்றைக்கே டீக்கடையில் முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டொரு நாளில் முதலாளியிடம் போனேன். மூன்றாவது கியரில் வரச் சொன்னது நான்தான், சூட்டைப் பற்றிச் சொல்லாதது என் தப்பு என்று ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிரேக் நல்லா இருக்குன்னு நீதானய்யா சொன்னே, டிரைவருக்குத் தெரியாதா எந்தக் கியர்ல எறங்கணும்னு, போய் வேலையப் பாரு என்றார். வண்டிக்குப் புது ஆளை ஏற்கெனவே பேசிவிட்டார்கள். இவருக்குக் கால் தேறினால் எஸ்டேட் கேட்டில் காவலுக்கு உட்காரவைப்பார்களாம். நான் எவ்வளவோ கெஞ்சினேன். என் தப்பை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் தயாராக இல்லை.

டிரைவர் வீடு திரும்பியதும், எஸ்டேட் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டி வைத்திருந்தார், இடுப்பு முதல் பாதம் வரை மாவுக்கட்டு. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். மனைவி அதே மலையில் செம்மநத்தம் ஊர்க்காரர், முகம் கொடுக்காமல் ஆனால் மரியாதையாக, உட்காருங்க என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார். டிரைவர் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். ஒரு விதத்தில் அதற்காகவேதான் போயிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"தம்பி, நீங்க சொன்ன மாதிரியேதானுங்க வந்தேன். மூணுலதான் வந்தேன். பிரேக்குல இருந்து கால எடுக்கவே இல்லீங்க. நான் எங்க தப்புப் பண்ணுனேன்னு கொஞ்சம் சொல்லுங்க. படுத்துட்டே ரோசன பண்றேன், ஒண்ணும் புரிய மாட்டேங்குது."

குத்திக்காட்டுகிற பேச்சில்லை அது. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சூடு, பாரம், எஞ்சின் தாங்குவது, அன்றைக்குக் களத்தில் நான் சொல்லாமல் விட்டது, சாலையில் எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தது. தப்பு முழுக்க என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் என் மன்னிப்பைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை. வேறு எதையோ பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப மொதல்ல நான் வந்துட்டிருந்தது சரியுங்களா? ரெண்டுலயே எறங்குனது?"

"சரிதானுங்கண்ணா. அதுதான் சரி."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. கட்டிலில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து, சமையல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"கேட்டியா, நான் ஓட்டுனதுதான் சரியாமா. மெக்கானிக்கே சொல்றாரு."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.