கண்ணாடி போட்ட ஓவியம்

துப்பறிவாளர் என்று கார்டு அச்சடித்து வைத்திருந்தேனே தவிர, மாப்பிள்ளை குடிப்பாரா, வேலை நிஜம்தானா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. என்னைப் பற்றி விசாரிக்க யாரும் ஆள் வைத்ததில்லை. திருச்சியில் ஒரு லாட்ஜ் அறையில் தனியாக இருந்தேன்.

எமர்ஜென்சி முடிந்த மறு வருடம் பெரம்பலூரில் ஒரு பெரிய வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பொங்கலுக்கு வெள்ளையடித்த சமயத்தில் கூடத்தில் மாட்டியிருந்த ஓவியம் காணாமல் போயிருந்தது. நாற்றுக்கட்டோடு வரப்பில் நிற்கும் ஒரு பெண். வீட்டுக்காரரின் இறந்துபோன தம்பி வரைந்தது. படத்தில் இருப்பது யார் என்று கேட்டேன்.

"யாரோ நடவுக்கு வந்தவ" என்றார்.

விற்கத்தான் திருடியிருப்பார்கள் என்று பழைய சாமான் கடைகளாக ஏறி இறங்கி ஒரு மாதத்தை வீணாக்கினேன். மூன்று வேளையும் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் தனிச் சாப்பாடு. கடைசியில் அரியலூரில் படத்துக்குப் பிரேம் போடுகிறவர்தான் துப்புக் கொடுத்தார்.

"துணியில வரைஞ்ச படத்துக்குக் கண்ணாடி வேணாம்னு சொன்னேன் சார். ஒருத்தரு போட்டே ஆகணும்னு நின்னாரு. பொட்டு வைக்கணுமாம். திருமானூர் பக்கம்னாரு."

சாமி படத்தை விட்டால் பொட்டு வைப்பது செத்தவர்கள் படத்துக்குத்தான். திருமானூர்ப் பக்கம் சமீபத்தில் மனைவியைப் பறிகொடுத்தவர் யார் என்று விசாரித்துப் போனேன். கூரை வீட்டுக்குள் ஓவியம் சுவரில் சாத்தியிருந்தது. கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. பெரம்பலூரில் வெள்ளையடித்தவர்களில் அவரும் ஒருவர்.

"எம் பொண்டாட்டிங்க. கல்யாணத்துக்கு முன்னாடி அவங்க வயல்லதான் நடவு. சின்னவரு தன்னை வரைஞ்சாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. கார்த்திகையில போயிட்டா. ஒரு போட்டோ கிடையாது. ஏணியில ஏறுறேன், எதுக்க நிக்கிறா."

படத்தை நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

"நாளைக்கு அமாவாசை. படைச்சுட்டுத் தரேங்க."

மறுநாள் போனேன். அவளுக்கு ஒரு இலை, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வேறு யாரும் வரவில்லை. அந்த வருடம் முழுக்க நான் இன்னொருவரோடு உட்கார்ந்து சாப்பிட்டது அன்று மட்டும்தான். சாப்பிட்டு முடித்ததும், படையலில் வைத்திருந்த அவள் சேலையாலேயே படத்தைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

கிடைக்கவில்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். நிஜமான திருட்டு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற திமிர் விடவில்லை. ஆளின் பெயரை மட்டும் சொல்லவில்லை. பெரம்பலூரில் முதல் வேலையாகக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். சேலையைச் சுருட்டி என்னிடமே நீட்டினார்கள்.

திருப்பிக் கொடுக்க இரண்டு தடவை அரியலூர் போய் பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் திருமானூரில் இறங்கத் தைரியம் வராமல் தஞ்சாவூர் வரை போய்த் திரும்பினேன். சேலை இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. எதை வைத்துப் படைத்திருப்பார் என்று ஒவ்வொரு அமாவாசைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.