ஊறுகாய் பாட்டிலில் எங்கள் ஊர் மேடு

போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, பெங்களூர் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பொதுமக்களை உள்ளே விட்டார்கள். தாதுவிலிருந்து உலோகம் பிரிக்கும் கூடத்தையும் பார்க்கலாம் என்றதும் என் அக்கா செல்வி கிளம்பிவிட்டாள். நாங்கள் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். சுரங்கம் மூடியபின் வைட்ஃபீல்டுக்கு வந்துவிட்டோம், அக்காவின் மனசு மட்டும் வரவில்லை. சயனைடு கலந்து தங்கம் பிரித்தபின் கொட்டிய மணல் அங்கே சயனைடு மேடாகக் குவிந்திருக்கிறது. அதில் மிச்சத் தங்கம் உண்டு. அதை எடுக்க வழி பிறந்தால் வேலை வரும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்பது அவள் நம்பிக்கை.

மெட்ரோ வேண்டாம், 8.20 பாசஞ்சர்தான் என்றாள். தங்கவயலின் மாரிக்குப்பத்திலிருந்து வரும் வண்டி, நம் ஊர்ப் பேச்சு காதில் விழுமாம். டிக்கெட் பத்து ரூபாய், கன்டோன்மென்ட் வரை நின்றபடியே பயணம். சிவாஜிநகருக்கு நடந்துபோய் டீ குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தோம்.

அக்கா மடியில் ஊறுகாய் பாட்டில். ஊர் மேட்டு மணல், பரிசோதனைக்காம்.

"இன்னாக்கா அது, கோலமாவா?" என்றார் ஓட்டுநர்.

"தங்கம்ப்பா."

"அப்போ மீட்டருக்கு மேல இருபது குடுங்க."

கொடுத்தோம். மொத்தம் 150 ரூபாய்.

கூடத்தில் ஓர் ஆராய்ச்சியாளப் பெண் தமிழிலேயே விளக்கினார். மட்டமான தாதுவிலிருந்தும் உலோகத்தை முழுசாக எடுக்க வேண்டும். கரண்ட், தண்ணீர், விஷம் மூன்றும் குறைய வேண்டும். கடைசியில் கழிவென்று எதுவும் மிஞ்சக் கூடாது.

"எங்க மேட்டுல எடுத்தா எத்தினி பேருக்கு வேலை கெடைக்கும்மா?" என்றாள் அக்கா.

"மெஷின்தான் ஜாஸ்திக்கா. கொஞ்சம் பேர் போதும்."

"எடுத்த பொறவு மேடு?"

"இருக்காது. மிச்ச மண்ணு செங்கல்லுக்குப் போயிடும். அதுக்குத்தானே இவ்ளோ பாடு!"

அக்கா பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஏறாதே என்று அப்பா அடித்தும் நாங்கள் ஏறிச் சறுக்கிய மேடு அது. இன்றும் ரயிலில் போகும்போது அது கண்ணில் பட்டால்தான் ஊர் வந்ததாக அர்த்தம். வீடுகூட இப்போது எங்களுடையது இல்லை.

வந்ததற்கு பாட்டிலை நீட்டினாள். அந்தப் பெண் தலையசைத்தார். "மேல் மணல்ல ஒண்ணும் தெரியாதுக்கா. ஆழமா துளை போட்டு எடுக்கணும்."

"இதுல ஒண்ணுமில்லியா?" அக்கா முகம் அப்போதுதான் தெளிந்தது. "அப்போ நானே வெச்சிக்கிறேன்."

போக நினைப்பவர்களுக்கு: இப்படித் திறந்துவிடும் நாளில் பத்து மணிக்குள் போங்கள், அடையாள அட்டை அவசியம். இரண்டு மணி நேரம் போதும். எங்கள் மேட்டையும் பார்க்க வேண்டுமென்றால் மாரிக்குப்பம் பாசஞ்சரில் ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். அந்தப் பெண் கெட்டிக்காரி, நிச்சயம் ஜெயித்துவிடுவார். அதற்குள் போய்விடுங்கள்.