ஹார்ன் அடித்தால் ஓடியவர்

சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்பக்கம் ஆளுயர இரும்பு உருளை ஒன்று இருக்கும். அதில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸுக்கு அந்தச் சக்கரத்தைச் சுற்றியவர் என் வீட்டுக்காரர். சம்பளம் கிடையாது. பஸ் முதலாளி அவருக்குப் பெரியப்பா மகன். நிலபுலன் உள்ள குடும்பத்தில் பிறந்தவன் அண்ணனிடம் கூலி வாங்குவதா என்பது இவருடைய வீம்பு. ஒத்தாசை என்றுதான் சொல்லுவார்.

எனக்கு அந்த ஒத்தாசையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஷெட் எங்கள் தெருமுனையில் இருந்தது. காலையில் டிரைவர் ரப்பர் ஹார்னை இரண்டு தரம் அமுக்குவார். வாயில் வைத்த சோற்றை மென்றுகொண்டே இவர் ஓடுவார். எங்கள் கடலைக்காட்டில் களை மண்டிக் கிடக்கும், அதைப் பார்க்க நேரமிருக்காது.

ஒரு நாள் அரியலூரில் உருளையின் மூடியைத் திறந்தபோது குபீரென்று தீ அடித்து, வலது கை வெந்துபோனது. புண் ஆறியபோது விரல்கள் ஒட்டி மடங்கிவிட்டன. இனி மண்வெட்டி பிடிக்க முடியாது. அண்ணன் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று சட்டம் இருப்பதாக என் தம்பி சொன்னான். மனு எழுதச் சொன்னேன். இடது கைப் பெருவிரலை அதில் உருட்டும்போது இவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருச்சியிலிருந்து ஓர் ஆபீசர் வந்து அதிகாரிகள் தங்கும் முசாபரி பங்களாவில் விசாரித்தார். என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வராந்தாவில் தூணுக்கும் படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சன்னல் திறந்திருந்ததால் பேசுவதெல்லாம் காதில் விழுந்தது.

தம்பி ஆசைப்பட்டு வந்தான், நான் வேலைக்கு வைக்கவில்லை என்றார் அண்ணன். ஒரு நாள் அவர் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று ஆபீசர் கேட்டார்.

"வராம எப்படிங்க? ஒரு தடவை திருமழபாடிக்குச் சாமி கும்பிடச் சொல்லாம போயிட்டான். வந்ததும் நல்லா கேட்டு வுட்டேன். வண்டி நின்னுபோனா ஏறுன ஜனத்துக்கு யாருங்க பதில் சொல்றது?"

தன் வாயாலேயே மாட்டிக்கொண்டாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆபீசரும் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு இவர் பக்கம் திரும்பி, ஏவுகிறவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது, வேலைக்கு ஈடாக ஏதாவது தருவதாகவும் பேச்சு இருக்க வேண்டும், காசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அப்படி ஏதும் உண்டா என்று பொறுமையாகக் கேட்டார்.

இருந்தது. அரியலூர் ஓட்டலில் தினமும் மத்தியானச் சாப்பாடு கம்பெனிக் கணக்கு. வேலைக்கு வரும்போதே அப்படித்தான் பேச்சு. எனக்குத் தெரியும், இவருக்கும் தெரியும். சொல்லித் தொலையுங்களேன் என்று சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தேன். இவர் அண்ணனைப் பார்த்தார்.

"அது அண்ணன் போட்ட சோறுங்க. என்னைக் கூலிக்காரன்னு எழுதிடாதீங்க."

மனு தள்ளுபடியாகிவிட்டது. தலை நிமிர்ந்து வெளியே வந்தார். நான் கூலியாள் இல்லையென்று சர்க்காரே சொல்லிவிட்டது என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

மறு வாரம் ஒரு காலையில், பஸ்ஸுக்குப் போட்டுக்கொண்டு போகும் காக்கிச் சட்டையைக் கேட்டார். இடது கையாலேயே சக்கரம் சுற்றலாம் என்றார். நான்தான் பொத்தான் போட்டுவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்ன் அடிக்கவில்லை. சற்று நேரத்தில் ஷெட்டிலிருந்து சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டது. வேறு யாரோ சுற்றினார்கள். அண்ணன் சம்பளத்துக்கு ஆள் வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

பஸ் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. புழுதி அடங்கியதும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் அங்க வேலைதான்டி பாத்தேன்" என்றார்.

"அதை எங்கிட்ட வந்து சொல்றீங்களே" என்று கத்தினேன். அவர் ஒற்றைக் கையால் பொத்தான்களோடு மல்லாடிக்கொண்டிருந்தார். கத்தியது போதுமென்று பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக நானே கழற்றிவிட்டேன்.