ஓட்டோவைப் பறிகொடுத்தவனுக்கு ஒரு வீடு

வாடகைக்கு வீடு தேடுவதும் ஒரு தொழில்தான். சம்பளம் கிடையாது, அவமானம் மட்டும் ஒழுங்காகக் கிடைக்கும். அலைந்து பார்த்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? தவணை கட்டவில்லை என்று லீசிங் கம்பனிக்காரர்கள் என் ஓட்டோவைக் கண்டிச் சந்தை வாசலில், பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்காதவர் பாக்கியில்லை. அதே கிழமை, குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் மகளுக்குக் கல்யாணம் என்று சொல்லி மாத முடிவுக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்.

புரோக்கரின் நேர்மை

கட்டுகஸ்தோட்டைப் புரோக்கர் பஸ் காசை முதலிலேயே வாங்கிக்கொண்டுதான் வீடு காட்டக் கிளம்புவார். ஒவ்வொரு வாசலிலும் எனக்கு முன்னால் உள்ளே போய், என் ஓட்டோக் கதையைச் சொல்லிவிட்டு வருவார். ஏனப்பா என்று கேட்டேன்.

“பின்னால பிரச்சினை வந்தா என் பேர் கெட்டுப்போகும் அண்ணே. உங்க பேருக்கு இனிமே என்ன ஆகப்போகுது?”

பிணைக்கு ஓர் ஆள்

பேராதனையில் ஒருவர், அரசாங்க உத்தியோகத்தர் பிணை நின்றால் வீடு தருகிறேன் என்றார். என் மனைவியின் தம்பிக்கு நாவலப்பிட்டியில் ரயில்வே வேலை. அவன் கல்யாணத்துக்கு மூன்று நாள் என் ஓட்டோதான் ஓடியது, ஒரு சதம் வாங்கவில்லை. நம்பிப் போனேன். தேத்தண்ணியும் மீன் பணிசும் தந்து உபசரித்தான்.

“அத்தான், மாசா மாசம் வந்து சாப்பிட்டுட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீங்க.”

அதிபரின் பாடம்

அம்பிட்டியவில் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரின் மேல்மாடி வாடகைக்கு இருந்தது. அவர் கதிரையில் இருந்தார். நான் படியில் நின்றேன். கடன் வாங்கியவன் எப்படி வாழ வேண்டும் என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். பள்ளிக்கூடத்தில் நான் தப்பித்து ஓடியதையெல்லாம் அன்றைக்கு வட்டியோடு கேட்டேன். நடுவில் ஒரு வாகனம் வந்து நின்றது. கழுத்துப்பட்டி கட்டிய இருவர் இறங்கிச் சுவரை அளக்கத் தொடங்கினார்கள். அதிபர் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கதிரையிலிருந்து எழுந்தார். ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்டான்:

“பேங்க் ஏலத்துக்கு முந்தி ஒருக்கா அளக்கணும் சேர். இந்த ஐயா வீட்டை வாங்க வந்தவரா?”

கடைக்குப் பின்னால்

மாதம் முடிய இரண்டு நாள் இருந்தது. மனைவி சாமான்களைக் கட்டி வைத்துவிட்டாள். அக்குறணையில் இரும்புக்கடை ஹாஜியார் ஒருவர், கடைக்குப் பின்னால் இரண்டு அறை இருப்பதாகச் சொன்னார். யாராவது சொல்லுமுன் ஓட்டோக் கதையை நானே சொன்னேன். அவர் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

“தெரியும் அண்ணன், தெரிஞ்சிதான் தாரேன். நல்ல பேர் ஈக்கிற ஆக்கள் ரெண்டு மாசத்துல வேற ஊடு பாத்துப் போயிருவாங்க. ஒங்களுக்குப் போக எங்க எடம் ஈக்கி?”

என்னை நம்பி வீடு தந்தவர் இந்தப் பக்கத்தில் ஒருவருமில்லை, என்னை யாரும் நம்பமாட்டார்கள் என்று நம்பித் தந்தவரிடம்தான் குடியிருக்கிறேன்.